சட்டைக்குள் சிக்கிய முந்தானை

காலையில் கண் திறக்கும்போதே பயமும் கூட எழுந்துகொள்ளும் ஆள் நான். சிலிண்டரை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். ஏழாவதோடு படிப்பு நின்றுபோனது. எதையும் படித்துப் பார்த்து நானாக முடிவு செய்யத் தெரியாது. யாராவது உறுதியாகச் சொன்னால் பிடித்துக்கொள்வேன். பெண்கள் முக்காடு இல்லாமல் ஜெபிக்கக் கூடாது என்று எங்கள் சபையில் உறுதியாகச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். தேவதூதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாஸ்டரம்மா வேறு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு, குழம்பு கொதிக்கும்போது மனசுக்குள் 'ஆண்டவரே' என்று வந்தால்கூடக் கை தானாக முந்தானையைத் தேடும்.

என் மகள் கல்யாணம் வரைக்கும் போட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

"ம்மா, அந்தக் காலத்துல அந்த ஊர்ல இருந்த பழக்கம் அது. அதப் புடிச்சிகினு இன்னிக்கும் நிக்கணுமா? துணி இருந்தாத்தான் ஆண்டவருக்குக் கேக்குமா?"

"வாயக் கழுவுடி."

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேதப் புத்தகப் பையில் அவளுக்கென்று ஒரு வெள்ளைத் துணியை மடித்து எடுத்துப் போவேன். நீட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே என் பக்கம் தள்ளிவிடுவாள். பின்வரிசையில் இருக்கிறவர்கள், "ஏன் சிஸ்டர், பொண்ணுக்குச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பார்கள். எனக்கு முகம் எரியும்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. என் பயமெல்லாம் அந்த வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. இவள் தலையை மூடாமல் ஜெபிக்கிறாளே, ஆண்டவரின் கோபம் பிள்ளை மேல் விழுந்துவிட்டால்? இதை வாய்விட்டு அவளிடம் சொல்ல முடியுமா? பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்த பிறகு, மதியத்தில் அவள் தூங்கும்போது சத்தமில்லாமல் அந்த வெள்ளைத் துணியை அவள் தலைமேல் போட்டு ஜெபித்தேன். ஒருநாள் விழித்துக்கொண்டாள்.

"என்னாம்மா இது, பொணத்துக்குப் போத்துற மாதிரி?"

அந்த வார்த்தை என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

நான் எங்கள் ஊரில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை செய்கிறேன். அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி, ஈரத் துணியால் வழித்துவிடும் வேலை. மாவு மாதிரி தூசி பறக்கும். முந்தானையை இழுத்துச் செருகி, அதற்கு மேல் ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பட்டன் மாட்டிக்கொள்வோம். தலைக்கு ஒரு துண்டு. பக்கத்தில் உட்காரும் அக்கா கிண்டல் செய்வார்: "உங்க சாமிக்குப் பொம்பள முடின்னா அவ்ளோ பயமா? எங்க சாமி பரவால்ல, மொட்டையடிச்சு முடியவே வாங்கிக்கறாரு."

அன்றைக்கும் அப்படி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. மகள்.

"ம்மா, காலைலேந்து புள்ள அசையல."

கையிலிருந்த பொம்மை நழுவிக் கழுத்து தனியாக விழுந்தது. அந்த அக்காதான் ஸ்கூட்டியில் என்னை வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு எங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வழியில் எங்கேயோ தலைத்துண்டு பறந்துபோனது. அது எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே, பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். மருமகன் வேப்பூரிலிருந்து பஸ் ஏறியிருந்தான். கையெழுத்து நான்தான் போட்டேன். என் பெயரே எனக்குச் சரியாக வரவில்லை. தள்ளுவண்டியில் படுக்கவைத்து, நர்ஸ் அவள் தலைமுடியை ஒதுக்கி ஒரு பச்சைத் தொப்பியை மாட்டினார். மகள் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். அப்படியும் சொன்னாள்:

"பாத்துக்கம்மா, தலைய மூடிட்டாங்க. இப்ப திருப்திதானே?"

கதவு சாத்திக்கொண்டது.

நான் சுவரில் சாய்ந்து ஜெபிக்க ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. பிள்ளை, பிள்ளை என்று மட்டும் சொல்லியிருப்பேன். எதிரே கண்ணாடிக் கதவு. அதில் ஒரு பொம்பளை தெரிந்தாள். ஆம்பிளைச் சட்டை, வெள்ளைத் தூசி, தலையில் ஒன்றுமே இல்லை. அது நான்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. இவ்வளவு நேரம் ஜெபித்தது எல்லாம் வெறுந்தலையோடு. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் நான் மூடவில்லை. உள்ளேயிருந்து அழுகுரல் வரவில்லை.

ஜெபத்தை நிறுத்திவிட்டேன். முந்தானையை வெளியே எடுத்தால்தான் மறுபடி தொடங்கலாம். பட்டனில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. முதல் பட்டன் வரவில்லை. பல்லால் கடித்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு அவிழ்ந்தது. உள்ளே முந்தானை இடுப்பில் இறுக்கமாகச் செருகிக் கிடந்தது. இழுத்தேன், கிழிகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் பிள்ளை அழுதது.

பாதிச் சட்டை அவிழ்ந்து, தலை திறந்து, வாயில் ஒரு ஜெபமும் இல்லாமல் நான் நின்ற நேரத்தில் அழுதது. நர்ஸ் வெளியே வந்து, "பொம்பளப் புள்ளம்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஏம்மா இப்படி நிக்கிற?" என்றார்.

பிள்ளை பிழைத்ததைப் பற்றிச் சபையில் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது, பட்டன் கதையை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஆண்டவர் முன்னால் மறைத்தால் அது வேறு பயம். சொல்லிவிட்டேன். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை. பாஸ்டரம்மாதான், "ஆண்டவர் இரக்கமுள்ளவரு சிஸ்டர். ஆனாலும் அடுத்த வாட்டி ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன். முக்காடு இந்தக் காலத்துக்கு வேண்டுமா என்று கேட்டால், எனக்கு வேண்டும். அது இல்லாமல் அவர் முன்னால் நிற்க எனக்குக் கால் வராது. ஆனால் என் மகள் துணி போடாததற்கு, வயிற்றில் இருக்கிற பிள்ளையை அவர் அடிப்பார் என்று மாதக்கணக்கில் நம்பியிருக்கிறேனே. அவரைப் போய் அப்படிப்பட்டவர் என்று நினைத்திருக்கிறேனே. இப்போது அதை நினைத்தால்தான் அதிகமாக உதறுகிறது.

பிள்ளையோடு மகள் முதல்முறை சபைக்கு வந்த அன்று என் பையை எட்டிப் பார்த்தாள்.

"ம்மா, எங்க என் துணி?"

"எடுத்தாரல."

"மறந்துட்டியா?"

"இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். மேலே ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னா பாக்குற? காத்து அடிக்குது பாரு, மொதல்ல புள்ள தலைய மூடு" என்றேன்.