சர்வருக்கு இரண்டு ஒயர்

இன்று காலை எங்கள் கூட்டுறவுச் சங்கத்து நெல் கிடங்கில் மேனேஜரின் மண்டை உடைந்தது.

எடை மெஷினை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டரான சர்வர் திடீரென்று நின்றுவிட்டது. வாசலில் விவசாயி செல்லையனின் நெல் குவிந்து கிடக்க, தூறல் விழ ஆரம்பித்தது.

கண்ணாடிக் கதவை உதைத்து நொறுக்கிய செல்லையன், மேனேஜரைச் சுவரில் மோதி, மூட்டை குத்தும் குத்தூசியைக் கழுத்தில் வைத்தான்.

"எடையப் போடுறியா, சொருகவா?"

"ரெண்டு பவர் சப்ளை இருக்குங்க. ஒன்னு போனா இன்னொன்னு ஓடும். நிக்கவே நிக்காதுங்க." ரத்தம் வழிய மேனேஜர் அழுதார்.

நான் அங்கே வாட்ச்மேன். எழுதப் படிக்கத் தெரியாது, இதைக்கூடப் போனில் பேசித்தான் பதிகிறேன். ஆனால் சர்வர் வைத்த அன்று இன்ஜினியர் ஒரு ஒயரைக் கரண்ட் லைனிலும் மற்றதை பேட்டரி லைனிலும் சொருகியது நன்றாக நினைவிருக்கிறது.

சர்வர் அலமாரியைத் திறந்தேன். இரண்டு ஒயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. பாக்ஸ் கருகிக் கிடந்தது. பேட்டரி லைனில் சாமி படத்துச் சீரியல் லைட் மினுக்கிக்கொண்டிருந்தது.

லைட்டைப் பிடுங்கி ஒயரைச் சொருகினேன். சர்வர் உறுமியது. குத்தூசி மேனேஜரின் கழுத்தை விட்டு விலகியது.

தையல் போட்டு வந்த மேனேஜர் கேட்கிறார்: "சாமி லைட்ட ஏன் பெரியவரே புடுங்குனீங்க? கரண்ட் போனாலும் அணையக் கூடாதுன்னுதானே மாத்தி வச்சேன்."

செல்லையனை விடவா சாமிக்குக் கோபம் வந்துவிடும்? நீங்களே சொல்லுங்கள்.