நைனா கண்ணில் இரும்பின் நிறம்

எங்கள் பவுண்டரி திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. துறைமுகத்துப் பழைய இரும்பை உருக்கி, படகு என்ஜின்களுக்குச் சக்கரம் வார்த்துத் தாத்தா தொடங்கிய தொழில். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, அதைப் பம்பு பாகங்களுக்குக் கொண்டுவந்தார். கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்குப் போன பிறகும் நான் தினமும் பஸ் பிடித்து அங்கேதான் வேலைக்கு வந்தேன். மத்தியானத்தில் உலைச் சூட்டோடு உப்புக்காற்று கலந்து வீசும்போது, கண் திறந்தபடியே தூங்குவதுபோல் இருக்கும்.

நைனா உலையின் சூடு காட்டும் மீட்டரை நம்பமாட்டார். உருகும் இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் "ஊத்து" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் வார்ப்புகள் கெட ஆரம்பித்தன. அச்சு மணல் இரும்போடு ஒட்டிக்கொண்டு எல்லாம் சொரசொரவென்று வந்தன. மணலை மாற்றியும் பயனில்லை. ஒருநாள் நானே உலையருகே போய் நின்றேன். மீட்டர் எப்போதோ அளவைத் தாண்டியிருந்தது; இரும்பு அவ்வளவு காய்ந்தால் மணல் ஒட்டத்தான் செய்யும்.

"நைனா, போதும். ஊத்தச் சொல்லு."

"இன்னும் மஞ்சளாத்தான கீது? கொஞ்சம் காயட்டும்."

"நல்லா வெள்ளையா கீது நைனா."

அவர் திரும்பினார். என் முகத்தை அல்ல, குரல் வந்த பக்கத்தைப் பார்த்தார்.

அன்று மணல் குவியல்மேல் உட்கார்ந்து சொன்னார்: "ஒரு வருசமாவே எல்லாம் மஞ்சளா கீது. கடலு, உங்கம்மா பொடவ, எல்லாம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உலைகிட்ட வுடுவீங்களா?"

கண்புரை. உலை வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்து வந்தது என்றார் டாக்டர். ஆபரேஷன் வரைக்கும் நான் நைனா பக்கத்தில் நின்று நிறம் சொன்னேன். பழுத்த பப்பாளி, சாயங்கால வெயில், விடிந்த கொஞ்ச நேரத்தில் எண்ணூர்க் கடல். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். என் சொற்கள் அவருக்குள் மெல்லச் சூடேறுவதைப் பார்ப்பேன். "இப்ப ஊத்து" என்பார். வார்ப்புகள் வழவழவென்று வந்தன.

இரண்டு கண்ணும் சரியான பிறகு, கறுப்புக் கண்ணாடியோடு உலைமுன் வந்து நின்றார்.

"இவ்ளோ வெள்ளையாவா கீது!" என்று சிரித்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

"ஊத்தலாமா நைனா?"

"என்னை ஏன் கேக்குற? நீ சொல்லு."

நான் சொன்னேன். ஆட்கள் ஊற்றினார்கள்.

இப்போது அந்த வார்த்தை என்னுடையது. நைனா காலையில் வருவார், புது அச்சுகளைத் தடவிப் பார்ப்பார், எல்லாரையும் வம்புக்கு இழுப்பார். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவார். மீன் வாங்காமல் வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறக்கமாட்டாளாம்.