பால் குடித்த வீட்டுக்காரி

மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பலகைச் சுவர் வைத்த மூன்று அறைகள் இருந்தன. என் கணவர் அவற்றை என் தலையில் கட்டிவிட்டுப் பண்டார் ஹிலிர் கடைக்குப் போய்விடுவார். ஆகவே வீட்டுக்காரி நான்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியையும்கூட. பிள்ளைகள் ஒற்றெழுத்தை விட்டால் நூறு தடவை எழுத வைக்கிற ஆள். ஆனால் அறைக்குக் குடிவந்த ஒருவருக்கும் நான் ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை.

எங்கள் பழக்கம் வேறு. குடிவருகிறவர் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவார். முதல் டம்ளர் வீட்டுக்காரிக்கு. நான் குடித்துவிட்டால் அறை அவருடையது. என்றைக்கு வந்தார், எந்த அறை, எத்தனை நாள் இருக்கலாம், எதற்கும் காகிதம் கிடையாது.

மூன்றாவது அறை அக்கா, கணவர் இறந்த பிறகு ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தெங்கேராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் ஒரு மத்தியானம், நல்ல சேலை கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், ஒரு சூராட் எழுதித் தாங்க, நான் இங்கதான் குடியிருக்கேன்னு. பிரஜாவுரிமைக்குப் பதியப் போனா, எங்க, எத்தன வருசமா இருக்கன்னு காகிதம் கேக்குறாங்க.”

மலாய் சரியாகப் பேச வராதவர்களும் பதிந்துகொள்ள அப்போது ஒரு கெடு வைத்திருந்தார்கள். கெடு தாண்டினால் மலாய்த் தேர்வு. அக்காவுக்கு மீன் வாங்கும் அளவு மலாய்தான் தெரியும். நான் இங்கேயே பிறந்தவள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை.

“சாயங்காலம் அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா” என்றேன்.

கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “எழுதிக் குடுத்தா அறை போச்சு. நாளைக்கி அதக் காட்டிக்கிட்டு கெளம்ப மாட்டேம்பாங்க. பேசாம இரு.”

பழியை அவர்மேல் போடுவது சுலபம். அவர் சொல்வதற்கு முன்பே நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது அவர் வாயிலிருந்து வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அக்கா மறுநாள் வந்தார். “பால் காய்ச்சிக் குடி வந்தீங்க. அதுக்கு மேல என்ன காகிதம்?” என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“ஆபீசுல பாலக் கேக்கலயே டீச்சர்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு தன் பழைய தோட்டத்துக்குப் பஸ் ஏறிப் போனார். அங்கே கணக்கெழுதும் கிராணி மாறியிருந்தார், பழைய பெயர்ப்பதிவு கிடைக்கவில்லை. கெடு போயிற்று. எனக்குப் பிரஜைகளுக்கான நீல அடையாள அட்டை வந்தது, அவருக்குப் பிரஜையல்லாதவர்களுக்கான சிவப்பு. அவர் பேச்சை நிறுத்தவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். நான் அதை வாங்கித் தின்றேன்.

வருஷங்கள் கழித்து, சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை, கடை வேலை போயிற்று. சிறுவயதில் விட்டுவந்த இந்தியாவில், முகமே மறந்துபோன ஒரு தங்கையிடம் போவதென்று முடிவுசெய்தார்.

புறப்படுகிற காலையில் அறையைக் கழுவிவிட்டுச் சாவியோடு வந்தார்.

“டீச்சர், நான் காலி பண்ணிட்டேன்னு ஒரு சூராட் எழுதி வச்சுக்குங்க. கைநாட்டு வச்சுட்டுப் போறேன். நாளைக்கி யாரும் என் பேரச் சொல்லி அறையக் கேட்டு வரக் கூடாதில்ல.”

நான் எதற்குப் பயந்தேன் என்பது இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உடனே எழுதினேன். கணவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அக்காவின் பெயர், வீட்டு இலக்கம், மூன்றாவது அறை, எந்த வருஷம் முதல் குடியிருந்து வருகிறார் என்பது முதல் வாக்கியம். இன்று காலி செய்தார் என்பது இரண்டாவது. ஒற்றுப்பிழை இல்லை. அக்கா கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்.

அன்று நல்ல சேலை கட்டிவந்து என்னிடம் அவர் கேட்டது, அந்த முதல் வாக்கியத்தை மட்டும்தான்.