வெளியேறிய நீர் எங்கே போகும்?

கலையரசன் திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலைக்காரன். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அவன் வீட்டார் மோர்க்கடை போடுவார்கள். மலையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். அது தன் மூளையை எந்த அளவுக்குக் கெடுத்திருக்கிறது என்பது 2005 வரை அவனுக்கே தெரியாது.

அப்போது அவன் பொறியியல் கடைசி வருடம். ஓடும் நீரின் நடுவே ஒரு வட்டத் தூண் நின்றால் நீர் எப்படி விலகி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டுவதுதான் புராஜெக்ட். கூட்டாளி, பக்கத்து ஊரான வேங்கிக்கால் சிந்துஜா. அறிக்கை அவள் பங்கு, புரோகிராம் அவன் பங்கு. தன்னை மேதையாக நினைத்திருந்ததால் புரோகிராமை அவளைத் தொடவே விடவில்லை.

ஆறு முழுவதையும் கணினிக்குள் அடைக்க முடியாது. ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதன் எல்லைகளில் என்ன நடக்கும் என்று நாமே சொல்ல வேண்டும். வலது எல்லையில் வெளியேறும் நீர் எங்கே போகும்? எங்கே போகும், சுற்றிக்கொண்டு இடது பக்கமாக உள்ளே வரும். துளிச் சந்தேகமும் இல்லாமல் அப்படியே எழுதினான்.

படம் அழகாக வந்தது. தூணுக்குப் பின்னால் சுழல்கள், முன்னாலும் சுழல்கள். முன்னால் இருப்பதைத் தன் கண்டுபிடிப்பு என்று நம்பி, அறிக்கையில் நாலாவதாகத் தனி அத்தியாயமே வைக்கச் சொன்னான்.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு முந்தைய நாள் காலை, அட்டை போட்டு வந்த பிரதியைப் புரட்டிய சிந்துஜா கேட்டாள்.

"தூணே இன்னும் வரல. அதுக்குள்ள தண்ணி எதுக்குடா சுத்துது?"

விளக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திப் படத்தைத் தன் பக்கம் இழுத்தான். தூணுக்குப் பின்னால் கலங்கிய நீரை அவனே அள்ளி வந்து முன்னால் ஊற்றியிருந்தான்.

"வெளிய போனது போயிடும்டா. ஆறு என்ன கிரிவலமா வருது?" என்று சிரித்தாள். அதற்குமேல் சிரிக்க அவளால் முடியவில்லை. அவளுக்கு வேலைக்கான ஆர்டர் வந்திருந்தது. தேறாவிட்டால் அது போய்விடும்.

இடது பக்கம் சீரான நீர் நுழையவும், வலது பக்கம் தடையின்றி வெளியேறவும் மாற்றினான். வெளியேறும் எல்லையைத் தூணிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்தான். மாலையில் புதுப் படம் வந்தது. முன்னால் அமைதி, பின்னால் மட்டும் சுழல். அறிக்கையை மாற்றத்தான் நேரமில்லை.

மறுநாள் தேர்வாளரிடம் புதுப் படத்தை நீட்டினான்.

"நாலாவது அத்தியாயம் தப்புங்க சார். எல்லையைத் தப்பா வெச்சது நானு. கண்டுபிடிச்சது இவங்க."

அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீதிக் கேள்விகளை எல்லாம் சிந்துஜாவிடமே கேட்டார். அரைமணி நேரம் அவள் கரும்பலகையில் வரைந்து வரைந்து பதில் சொன்னாள். மேதை பக்கத்தில் டஸ்டரோடு நின்றான்.

அவளுக்கு எண்பத்தெட்டு, அவனுக்கு அறுபத்தொன்று. அவள் வேலையில் சேர்ந்தாள். இவன் வீட்டில், இரண்டு பேருமே பாஸ் என்று மட்டும் சொன்னான்.