இடப்பக்கத்து ஆள்

சுகன்யா என்ன படிக்கிறாள் என்று கலசப்பாக்கத்தில் யார் கேட்டாலும், அவள் அப்பா குமரேசன், கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிற படிப்பு என்பார். அதற்குமா காலேஜ் என்று சிரிப்பார்கள். ஊரில் யோசனை சொல்லாத ஆள் யார் இருக்கிறார்கள்? குமரேசன் மட்டும் சிரிக்க மாட்டார். நிலத்தில் மல்லாட்டைக் கடலை விளைந்து வந்த பணமெல்லாம் அந்தப் படிப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசிப் பருவத்தில் வேலூரில் பார்த்திபன் என்பவர் நடத்தும் சின்ன ஆலோசனை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். நல்ல அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தால் அங்கேயே வேலை. ஒரு ஆள் செய்யக்கூடிய வேலையை எங்கே இரண்டு ஆள் செய்கிறார்கள் என்று பார், அதுதான் முதல் பாடம் என்றார் அவர். அந்தப் பாடம் சுகன்யாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பஸ்ஸில், டீக்கடையில், பேங்க்கில் எங்கே நின்றாலும் இங்கே யார் வேண்டாத ஆள் என்று கண் தேடியது. ஒருநாள் சோறு போட வந்த அம்மாவையும் அப்படிப் பார்த்துவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். தன் கண்ணைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

பார்த்திபன் அவளை ஆரணிக்கு அனுப்பினார். அங்கே பட்டு வியாபாரி மாணிக்கவேல், முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிறவர். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் நடுவில் இருப்பார். இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளித் தள்ளி வாங்க வேண்டும். தெய்வநாயகி வீட்டில் மட்டும் ஒரே ஆள். கூட உட்கார்ந்த தங்கை பொன்னம்மாள் போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் சேலை நின்றபாடில்லை, கரையில் ஒரு பிசிறும் இல்லை. அந்த சூட்சுமம் தெரிந்தால் மற்றத் தறிகளிலும் ஆளைக் குறைத்துவிடலாம் என்றார் மாணிக்கவேல்.

சுகன்யா நல்ல வெயிலில் முள்ளிப்பட்டுத் தெருவில் நடந்தாள். அவள் கடக்கிற வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அவள் தாண்டிப் போனதும் மறுபடி கேட்டது. இழவு சொல்ல வந்தவளைப் பார்ப்பதுபோல் ஜன்னலில் முகங்கள் தெரிந்தன.

தெய்வநாயகி முகம் கொடுத்துத்தான் பேசினாள். காப்பி கொடுத்து, தூண் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுத் தறிக் குழியில் கால் வைத்து நெய்யத் தொடங்கினாள். வலக்கை நாடாவின் சத்தம் கேட்டது. அதையடுத்து இடப்பக்கத்திலிருந்து மெல்லிசாக இன்னொரு சத்தம் வந்தது. தூண் அந்தப் பக்கத்தை மறைத்தது. சுகன்யா எட்டிப் பார்த்தாள். தறி நின்றது. இடப்பக்கப் பலகை காலியாக இருந்தது. கரை நாடா மட்டும் நூல்மேல் லேசாக அசைந்து அடங்கியது. அவள் பழையபடி சாய்ந்து உட்கார்ந்ததும் இரண்டு சத்தமும் திரும்ப எழுந்தன. ஜல்தி போடு என்று தெய்வநாயகி இடப்பக்கம் பார்த்துச் செல்லமாக அதட்டினாள்.

சுகன்யாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "யார்கிட்டக்கா பேசிகினு இருக்கீங்க?"

தெய்வநாயகி தலை நிமிரவில்லை. "ஒண்டியா நெய்யறேன்னு மட்டும் எழுதிடாத பாப்பா. செத்துட்டோம்னு அதுக்குத் தெரியாது. யாராவது சொன்னா எழுந்து போயிடும்."

எழுத மாட்டேன் என்று சுகன்யா வாக்குக் கொடுத்தாள். அப்போது மனதாரத்தான் கொடுத்தாள்.

வேலூர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பேய் நெய்கிறது என்று அறிக்கை எழுதினால் யார் வேலை கொடுப்பார்கள்? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? காகிதத்தில் எழுதுவது யார் காதில் விழப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். தெய்வநாயகி தனி ஆளாகவே நெய்கிறார், இதை மற்றத் தறிகளிலும் செய்யலாம் என்று எழுதினாள். பார்த்திபன் தட்டிக்கொடுத்தார். வேலை கிடைத்தது. குமரேசன் தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

மறுவாரமே மாணிக்கவேலிடமிருந்து போன் வந்தது. தெய்வநாயகி தறி நின்றுபோய்விட்டது, என்னவென்று பார்த்து வா என்றார். சுகன்யா அன்றே முள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

தறியில் பாதிச் சேலை அப்படியே கிடந்தது. தெய்வநாயகி குழியில் கால் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தால் திட்டவும் இல்லை.

"மொதலாளி தெருவுல எல்லாரையும் கூப்ட்டு, நீ எழுதனத இங்கயே நின்னுகினு படிச்சாரும்மா. நடு வரைக்கும் அதுவும் கேட்டுகினுதான் இருந்திச்சு. அப்புறம் எழுந்து போயிடுச்சு."

சுகன்யாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தப்பாக எழுதிவிட்டேன் அக்கா, வேலை போனாலும் பரவாயில்லை, மாற்றி எழுதித் தருகிறேன் என்றாள்.

தெய்வநாயகி எட்டிக் கரை நாடாவைத் தள்ளிப் பார்த்தாள். வாங்க ஆளில்லாமல் அது தரையில் விழுந்து உருண்டது.

"எதுக்கு மாத்தற? இப்பதான் நீ எழுதனது நெசமாச்சு."