இரண்டே மிதி உள்ள கார்

1990ஆம் ஆண்டு, மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், சண்டைக்குப் பயந்து வங்காலைக் கடற்கரையில் இந்தியாவுக்குப் படகேறுவதற்கு முன், அணைக்கட்டுக் கொந்தராத்துக்காரர் யோகராசா தன் கார்ச் சாவியை லூர்தம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களைத் தானே மூடிவிட்டார்.

"பிள்ளை, கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி வை. இல்லாட்டிப் பற்றரி செத்துப்போகும். ஆனா ஓடிப் பாக்காதை. விளங்கினதோ?"

"எனக்கு எங்கயையா கார் ஓடத் தெரியும்?"

யோகராசா அவளுடைய இடது காலை ஒருமுறை பார்த்து நிம்மதியடைந்தார். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றில் சூம்பிப்போன கால் அது. படகுக்குள் ஏற்கனவே ஏறியிருந்த அவருடைய மனைவி வசந்தமலர், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து சத்தம் போட்டாள்.

"பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போற மாதிரி நிக்கிறியள். ஏறுங்கோப்பா! லூர்து, ரெண்டு கிழமையில வந்திடுவம். கோழியளுக்குத் தீன் போடு."

படகு இராமேஸ்வரத்துப் பக்கம் திரும்பியது. லூர்தம்மா உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறி நானாட்டானுக்குத் திரும்பினாள். அதை ஓட்டி வந்தவன் இரத்தினம். நானாட்டானில் உழவு இயந்திரங்கள் பழுது பார்ப்பவன். வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். அவள் காதில் அது ஏறவில்லை. சாவி கைக்குள் சூடாகிக் கிடந்தது.

லூர்தம்மா வங்காலைக்காரி. முப்பது வயதைத் தாண்டியவள். கைமெசினில் சட்டை தைத்துக்கொண்டு, யோகராசாவின் நானாட்டான் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அக்காவும் அத்தான் அருளப்பனும் தங்கள் வீட்டுக்கு வரும்படி பலமுறை கூப்பிட்டிருந்தார்கள். போனால் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாய் கிடைக்கும், வாழ்நாள் முழுக்க அந்தப் பாயிலேயே இருக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் போகவில்லை.

கார் வெள்ளை நிறம், ஜெர்மன்காரன் செய்தது. கொழும்பில் ஏதோ ஒரு தூதரகம் கழித்துவிட்டதை யோகராசா ஏலத்தில் எடுத்திருந்தார். தோல் இருக்கை, முன்பக்கமெல்லாம் பளபளவென்று மரப்பலகை. அணைக்கட்டுக் கட்டுகிறவருக்கு அமைச்சர் வீட்டுக் கார் என்று ஊரே சிரித்தது. முதல் கிழமை என்ஜினைக் கிளப்புவதற்காக உள்ளே ஏறியிருந்த லூர்தம்மா, கீழே குனிந்து பார்த்துப் பதறிப்போனாள். உடனே இரத்தினத்துக்கு ஆள் விட்டாள்.

"அண்ணை, ஆரோ மூண்டாவது மிதியைக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள்."

இரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விசரி, இது ஒட்டோமாற்றிக். கிளச் இல்லை. கியர் தானாய் மாறும். ஒரு மிதி ஓட, ஒரு மிதி நிப்பாட்ட. ரெண்டுக்கும் வலக்கால்தான். இடக்கால் சும்மா இருந்தாச் சரி."

அந்தக் கடைசி வார்த்தையை லூர்தம்மா அன்று முழுக்க மனதுக்குள் வைத்து உருட்டினாள். உன் இடக்கால் சும்மா கிடக்கிறதே என்று இத்தனை காலமும் ஊர் இரக்கப்பட்டது. இடக்கால் சும்மா இருக்கட்டும் என்று சொல்கிற ஒரு பொருளை அவள் இப்போதுதான் கண்டாள்.

இரண்டு கிழமை, இரண்டு மாதமாகி, இரண்டு வருடமாகவும் ஆனது. அதற்குள் அறுவடை முடிந்த வயலில் அவள் ஓட்டப் பழகினாள். தொடக்கத்தில் ஒரு வைக்கோற்போரும் யாரோ ஒருவரின் வேலியும் சேதமாயின. பிறகு ஒன்றும் சேதமாகவில்லை. பெற்றோலுக்கு அரசு தடை போட்டிருந்ததால், எல்லாரையும் போல அவளும் ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயில் கொஞ்சம் பெற்றோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினாள். கல்யாணப் பொம்பிளை, பிள்ளைத்தாச்சி, சோதனை எழுதப் போகும் பிள்ளைகள் எல்லாரும் அவளுடைய காரில்தான். சுட வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் ஏதாவது ஒரு மரத்துக்குக் கீழே நிறுத்தித் தென்னோலையால் மூடிவிடுவாள். இந்தியாவிலிருந்து எப்போதாவது வரும் கடிதத்துக்கு, "கார் சுகமாயிருக்கு" என்று மட்டும் பதில் எழுதுவாள். அதற்கு மேல் எழுதுவது புத்தி இல்லை.

93ஆம் ஆண்டு மாரி முடிந்த கையோடு கார் சுகமில்லாமல் போனது.

முதலில் கியர் மாறும்போது முதுகில் குத்துவதுபோல் ஓர் உதை. பிறகு மாறவேண்டிய இடத்தில் மாறாமல் என்ஜின் கதறத் தொடங்கியது. கடைசியில், மிதித்தால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நின்ற இடத்திலேயே யோசித்துக்கொண்டு நிற்கும். ஒரு கல்யாண வீட்டிலிருந்து பொம்பிளையை இறக்கிவைக்க, மாப்பிள்ளையின் தோழன்மார் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரத்தினம் வந்தான். முதல் வேலையாகச் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான். அந்த நாட்களில் நானாட்டானில் எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். நிற்கிற வண்டியில் மண்ணெண்ணெய் எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? பக்கத்து வீட்டு வண்டியாயிருந்தாலும் கை உள்ளே போய் நிறுத்திவிடும். நிறுத்திவிட்டு, கியர்ப் பெட்டியின் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தான். சிவப்பு எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது.

"எண்ணெய் நிறைய இருக்கு. அப்ப உள்ளுக்குத்தான் தேஞ்சுபோச்சு. பெட்டியைத் திறக்க வேணும்."

"திறவுங்கோவன்."

"திறப்பன். மூட ஆர் வாறது? ஜெர்மன்காரனோ? உழவுமிசின் கியர் எண்டால் பல்லு, பல்லு, பல்லு. இதுக்குள்ள கோயில் கோபுரம் மாதிரி என்னவோ எல்லாம் கிடக்குது."

செய்தி ஊரைச் சுற்றி அத்தான் அருளப்பனிடம் போனது. அவர் சைக்கிளில் வந்து, காரைச் சுற்றி நடந்து, சக்கரச் சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்தார். முகத்தில் துக்க வீட்டுக்கு வந்தவரின் அடக்கம் இருந்தது. கண் மட்டும் சில்லுகளை விட்டு அகலவில்லை.

"லூர்து, நான் சொல்லுறதைக் கேள். என்ரை ரெண்டு மாட்டுவண்டிக்கும் இந்தச் சில்லு நாலும் நல்லாப் பொருந்தும். ஞாயிறு பூசை முடிய வந்து கழட்டுறன். நீயும் உன்ரை மெசினைக் கட்டிக்கொண்டு வா. அக்கா உனக்கு இடம் ஒதுக்கிப்போட்டா."

"குசினிக்குப் பக்கத்திலயோ அத்தான்?"

"வெக்கையான இடம்தான், ஆனா மழைக்கு நல்லது."

அன்று வியாழக்கிழமை. லூர்தம்மா அழவில்லை, கோபப்பட்டாள். அவளுக்கு இன்னொரு கார் கிடைத்தாலும் பிரயோசனமில்லை. கிளச் உள்ள எந்த வண்டியும் அவளை ஏற்றிக்கொண்டு போகலாம், ஓட்ட விடாது. இந்தக் கார் போனால் அவள் மறுபடியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வருகிறவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை, இன்னொருமுறை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். ஆனால் பற்றரி காரில் இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் றேடியோச் செய்தி கேட்பதற்காக அது ஒழுங்கை முழுக்க வீடு வீடாய்ப் போய் வரும். அன்று பூமணி வீட்டு முறை. பூமணி பற்றரியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"லூர்தக்கா, நேற்று நாடகமும் கேட்டுப்போட்டம். கொஞ்சம் களைச்சுப்போய்த்தான் இருக்கும்."

களைத்த பற்றரி ஒருமுறை முனகி எப்படியோ என்ஜினைக் கிளப்பிவிட்டது. இனி நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. உழவு இயந்திரம்போல் தள்ளிக் கிளப்பவும் ஒட்டோமாற்றிக் இடம் கொடுக்காது. எனவே என்ஜினை ஓடவிட்டபடியே, இரத்தினம் பார்த்த அதே எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தாள்.

கம்பி காய்ந்து கிடந்தது. நுனியில் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

துடைத்துவிட்டு மறுபடியும் விட்டு எடுத்தாள். அதே காய்ந்த கம்பி. வருவது வரட்டும் என்று என்ஜினை நிறுத்தினாள். ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் பொறுத்துப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே எண்ணெய்!

இரத்தினத்தைக் கூப்பிட்டாள். அவன் முதலில் நம்பவில்லை.

"எண்ணெய் என்ன, மாயமோ?"

"அண்ணை, வீட்டுக்காரர் எல்லாரும் வெளியில போனால் வீடு வெறுமை. திரும்பி வந்தால் நிறைவு. நீங்கள், வீட்டுக்காரர் எல்லாரும் வந்து படுத்த பிறகு ஆள் எண்ணுறியள்."

இரத்தினம் வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு அங்கிருந்து கத்தினான். "அதுதானே! என்ஜின் ஓடேக்க எண்ணெய் முழுக்க மேல ஏறி வேலை செய்யும். நிண்டால் கீழ சட்டிக்கு வந்திடும். ஓடவிட்டெல்லோ பாக்கோணும்! மண்ணெண்ணெயை மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு என்ரை மூளையும் நிண்டுபோச்சு."

"அப்ப எண்ணெய் குறைவு. எங்க போனது?"

அதுதான் புதிர். காருக்குக் கீழே மணலில் ஒரு சொட்டுக் கறை இல்லை. பழைய வெள்ளைச் சீலை ஒன்றை விரித்து வைத்தார்கள். விடியும் வரை அது வெள்ளையாகவே கிடந்தது.

சனி காலை, பற்றரிக்குக் கொஞ்சம் உயிர் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி கிளப்பினார்கள். பின்பக்கம் நின்ற லூர்தம்மாவை வெள்ளைப் புகை வளைத்துக்கொண்டது. அவள் இருமினாள். "சும்மா மண்ணெண்ணெய்ப் புகை, தள்ளி நில்" என்றான் இரத்தினம். ஊரில் புகைக்காத வாகனம் எது?

லூர்தம்மா தள்ளி நிற்கவில்லை. சேலைன் குழாயைக் கையால் காட்டினாள்.

"இன்னும் பெற்றோல்தானே போகுது. மண்ணெண்ணெய் திறக்கவேயில்லை. அப்ப இது என்ன புகை?"

கியர்ப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத் தகரக் குடுவை உண்டு. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று என்ஜினுக்குப் போகிறது. என்ஜின் எவ்வளவு பலமாக மூச்சு இழுக்கிறது என்று கியருக்குச் சொல்வது அதன் வேலை. இரத்தினம் அந்தக் குழாயைக் கழற்றினான். உள்ளேயிருந்து சிவப்பு எண்ணெய் அவனுடைய கையில் வழிந்தது. குடுவைக்குள் இருந்த இறப்பர்த் தட்டு கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக என்ஜின் கியர் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்து, புகையாக விட்டுக்கொண்டிருந்தது.

"கள்ளன் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கிறான்" என்றான் இரத்தினம், மிகுந்த மகிழ்ச்சியோடு.

அதன்பிறகு நடந்தது திருவிழா. சட்டியைக் கழற்றினார்கள். அடியில் மெல்லிய கறுப்புச் சேறு இருந்தது. விரலால் தேய்த்தபோது இரும்புத் துகள் ஒன்றும் நெருடவில்லை. எண்ணெய் தீய்ந்த மணமும் அடிக்கவில்லை. "உள்ளுக்கு ஆள் உசிரோடதான் இருக்கு" என்றான் இரத்தினம். எண்ணெய் வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். தகரக் குடுவையின் விளிம்பை விரித்து, கைவிடப்பட்ட ஒரு லொறியின் எண்ணெய்ப் பம்பிலிருந்த இறப்பர்த் துணியை வட்டமாக வெட்டி உள்ளே வைத்தார்கள். வெட்டியது லூர்தம்மாதான், சட்டைக் கழுத்து வெட்டுகிற கை. இரத்தினம் விளிம்பை மடக்கி ஈயம் பற்றவைத்தான். அந்த லொறியிலும் அதன் பக்கத்தில் கிடந்த சகோதர லொறியிலும், ஸ்டியரிங்குக்குள் அதே சிவப்பு எண்ணெய் கிடந்தது. பழைய நூற்சேலையில் வடித்து எடுத்தார்கள். சட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் தாளுக்குத் தடித்த காகித மட்டையை லூர்தம்மா அச்சுப் பிசகாமல் வெட்டினாள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கியர்த் தடியை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி, கம்பியில் கோடு தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டார்கள். பழக்கதோசத்தில் இரத்தினத்தின் கை இரண்டுமுறை சாவிப் பக்கம் போனது. இரண்டுமுறையும் லூர்தம்மா அதில் அடித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து அருளப்பன் மாட்டுவண்டியும் குறடும் கயிறுமாக வந்துகொண்டிருந்தார். கோயில் வளைவில் வெள்ளைக் கார் எதிரே வந்தது. உதை இல்லை, கதறல் இல்லை. பாலில் ஆடை விலகுவதுபோல் கியர் மாறியது. மாடு இரண்டும் மரியாதையாக ஒதுங்கி நின்றன. அருளப்பன் ஒதுங்க மறந்துபோனார்.

லூர்தம்மா கண்ணாடியை இறக்கினாள். "அத்தான், சில்லைக் கழட்ட வந்தனியளோ? ஓடிக்கொண்டிருக்கேக்க கழட்டத் தெரியுமோ?"

"இது... எப்பிடி?"

"ஏறுங்கோ, சொல்லுறன். குறட்டைத் தோலில குத்தாமல் மடியில வையுங்கோ. அக்காட்டைச் சொல்லோணும், எனக்கு ஒதுக்கின இடத்தில விறகு அடுக்கச் சொல்லி."

பின்னால் இருந்த இரத்தினம் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டுவண்டியைப் பார்த்துக்கொள்ள இறங்கிவிட்டான். அருளப்பன் ஏறினார். இரண்டு தரம் ஊரைச் சுற்றியபின், தான் தொடக்கத்திலிருந்தே இந்தக் காரில் நம்பிக்கை வைத்திருந்ததாகச் சொன்னார்.

அதற்குப் பிறகும் சண்டை தீரவில்லை. ஊர் இடம்பெயர்ந்தது, திரும்பியது, மறுபடி இடம்பெயர்ந்தது. காரும் கூடவே போய்க் கூடவே வந்தது. இந்தியாவிலிருந்து வந்த கடிதங்கள் நின்றுபோயின. ஒருமுறை அதன் பின் இருக்கையில் பிறந்த ஒரு பெண் பிள்ளைக்கு லூர்தம்மாவின் பெயரையே வைத்தார்கள். நிற்கிற வண்டியின் என்ஜினை நிறுத்தும் கை ஊரில் யாருக்கும் மாறவில்லை. லூர்தம்மா மட்டும் தினமும் காலையில் கொஞ்ச நேரம் அதை ஓடவிட்டு, கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் வீணாகிறதே என்று கத்துகிறவர்களுக்குக் கையை அசைத்துக் காட்டுவாள்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட 2002ஆம் ஆண்டில் பாதை திறந்தது. ஒருநாள் மன்னார் நகரத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்து சேர்ந்தது. திருச்சியிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது என்று, கடையில் வேலை செய்யும் றம்லா மேலே குறித்திருந்தாள். காருக்குச் சாய்ந்துகொண்டு லூர்தம்மா அதை வாசித்தாள்:

"லூர்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் மன்னார் பஸ் நிலையத்தில இறங்குறம். வசந்தமலருக்கு முழங்கால் ஏலாது, உழவுமிசின் பெட்டியில ஏறமாட்டா. காருக்கு என்ன நடந்ததெண்டு கேக்கமாட்டன், அதுக்கு நீ என்ன செய்வாய் பாவம். சாஞ்சு இருக்கக்கூடின வண்டி ஒண்டையும் நல்ல டிறைவர் ஒராளையும் பிடிச்சு அனுப்பிவிடு. நீ அலையாதை. யோகராசா."