அம்மா கேட்ட துணை

டிராவல்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு லிஃப்ட் அக்கா என்றுதான் பெயர். எந்த ஹோட்டலுக்குப் போன் போட்டாலும் வணக்கம் சொன்ன கையோடு அவள் கேட்கும் முதல் கேள்வி லிஃப்ட் இருக்கிறதா என்பதுதான். வயதான அப்பா அம்மாவைச் சுற்றுலா கூட்டிப்போக நினைக்கும் குடும்பங்களை முதலாளி நேராக அவள் மேஜைக்கே அனுப்பிவிடுவார். குளியலறைத் தரை வழுக்குமா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, காரமில்லாமல் சமைத்துத் தருவார்களா என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் போனை வைப்பாள். போய்வந்தவர்கள் போட்டோ அனுப்புவார்கள். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அவள் பெரிதாக்கி முதலில் நாற்காலியைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகங்களை.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் இதோ அதோ என்று தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே வீட்டில் அடங்கிப்போனது. அப்பா போன பிறகு மாடி வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான்.

அந்த வருஷம் லீவைத் தொடாமல் சேர்த்துவைத்தாள். ஏரிக்கரை ஹோட்டல், கீழ்த்தளத்தில் இரண்டு கட்டில் போட்ட அறை, வாசலிலிருந்து வாசலுக்குக் கார். எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“நான் வரலைடி” என்றாள் அம்மா.

“ஏம்மா? ஒரு படிகூட ஏற வேண்டாம். எல்லாம் விசாரிச்சுட்டேன்.”

“அதனாலதான் வரலைங்கிறேன். உன்கூட வந்தா நான் நோயாளியாத்தான் இருக்கணும். பார்த்து வை, மெதுவா நட, அதைத் தின்னாதே... இங்கே கேக்குறது போதாதா? கோவிச்சுக்காதே. போறதுன்னா உன் சித்தியோட போறேன்.”

சித்தி அம்மாவின் தங்கை. காது மந்தம், வாய் மட்டும் ஓயாது.

“நீங்க ரெண்டு பேருமா? யாரு யாரைப் பார்த்துக்கிறது?”

“யாரும் யாரையும் பார்த்துக்க வேண்டாம். அதுக்குத்தானே போறது!”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். மகள் சாப்பாட்டைப் பாதியில் விட்டாள். எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் தன் பெயரை எடுத்துவிட்டுச் சித்தியின் பெயரைப் போட்டாள். லீவு வேண்டாமென்று முதலாளியிடம் சொன்னபோது அவர் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்?

கிளம்பும் நாள் சித்தி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தாள். “என்னடி இது கூத்து!” என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்கு இப்படியும் சிரிக்க வரும் என்பதே மகளுக்குப் புதிதாக இருந்தது. டிரைவரிடம் மாத்திரைப் பை பற்றி அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “போதும்டி, வண்டியை எடுக்கச் சொல்லு” என்று அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கார் முனை திரும்பும்வரை மகள் நின்றாள். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று இருந்தது. உள்ளே இருவருக்கும் பேச்சு மும்முரம்.

மறுநாள் சாயங்காலம், அவள் வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

“படகுல போனோம்டி! உன் சித்தி பயத்துல படகுக்காரர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.”

படகில் ஏற எப்படிக் காலைத் தூக்கினாய் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?”

“ஜில்லுன்னு! கையை விட்டுக்கிட்டே போனேன். சரி, சித்தி கூப்பிடுறா, வைக்கட்டுமா?”

அம்மா வைத்துவிட்டாள். மகள் விளக்கைப் போட மறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாரக் கடைசியில் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறோம் என்று போனில் சொன்னாள் அம்மா. மத்தியானம் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அவள் ஹோட்டலுக்குப் போன் போட்டு அறையை நீட்டித்தாள்.

“தாராளமா இருக்கட்டும் மேடம்” என்றார் மேனேஜர். “இந்த ரெண்டு பேராலதான் இங்கே கலகலன்னு இருக்கு. நீங்களும் வந்திருக்கலாமே?”

“இங்கே வேலை அதிகம் சார்” என்றாள் அவள்.